நீச்சல் குளமும் ஒரு வெள்ளைத் தலையணை உறையும்

சென்ற வாரம் விமலா தொலைபேசியில் அழைத்தாள். கண்டி ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டலில் இருபத்தேழு வருடம் நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவன் நான். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை விமலாவிடம் போனது. கெட்டிக்காரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். அந்தக் குணம் எனக்கு இருந்ததில்லை, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவளுக்கு இரண்டு கேள்விகள். தண்ணீரைப் பரிசோதிக்கும் டிஜிட்டல் கருவி பழுதாகிவிட்டது, புதிதாக எதை வாங்குவது என்பது முதலாவது. இரண்டாவதைச் சற்றுத் தயங்கித்தான் கேட்டாள்.

"அண்ணே, பதிவுப் புத்தகத்துல கடைசியா ஒரு கட்டம் இருக்கே, 'கண்ணால் பார்த்தவர்'னு. புது மெஷின் எல்லாத்தையும் நேரா போனுக்கு அனுப்பிருமாம். அந்தக் கட்டத்தை எடுத்திரலாமான்னு மனேஜர் கேக்குறாரு. அது எதுக்கு அண்ணே இருக்கு?"

முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். இரண்டாவதுக்குப் பதிலை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கட்டத்தின் கதையை முழுதாக அறிந்தவர்கள் மூன்றே பேர். அதில் எங்கள் மேலதிகாரி நவாஸ் சேர் இப்போது இல்லை. மீதி இரண்டு பேரில் நான் ஒருவன்.

முதலில் குளத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு நான் அங்கே இருப்பேன். அந்த நேரத்தில் ஏரி தெரியாது, எதிர் மலை தெரியாது, பனி மட்டும்தான். குளத்தின் ஒரு கரையில் நின்றால் மறு கரை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய ஆவி நகர்ந்துகொண்டிருக்கும். கரையோரம் நின்ற ரொபரோசியா மரம் பூக்கும் மாதங்களில் இரவெல்லாம் பூக்களை உதிர்த்திருக்கும், அவை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஒரு மூலையில் போய்ச் சேரும். காட்டுப் பக்கமிருந்து குரங்குகள் வந்து குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போகும். நீண்ட வலைக்கோலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு நடக்கும்போது நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இத்தனை வருடமும் அந்த மலையை ஏறினேன் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லோரும் அந்தப் பூக்களைப் பார்த்து "என்ன அழகான ரோஸ் நிறம்" என்பார்கள். எனக்கு அவை சாம்பல் நிறம். ஈரத்தில் நனைந்த பழைய கடதாசி போல இருக்கும்.

ஆம், எனக்கு நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான், காய்ந்த இலையின் நிறம். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் இருந்த கோப்பிச் செடியில் பழத்தை மட்டும் பறித்து வா என்று அம்மா அனுப்பினால், பாதிக்குப் பாதி காயாகக் கொண்டுவந்து கொட்டுவேன். சோம்பேறி என்று திட்டு விழும். நானும் என்னைச் சோம்பேறி என்றே நம்பி வளர்ந்தேன். அது கண்ணின் குறை என்று தெரிந்தபோது பதினெட்டு வயது. தெரிந்த பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் நீலம் எனக்குப் பிரமாதமாகத் தெரியும். நீச்சல் குளம் நீலம்தானே, நமக்கு ஏற்ற வேலைதான் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பித்தேன். படிவத்தில் "நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டா?" என்று ஒரு வரி இருந்தது. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்தான். அதை இருபது வருடம் சுமந்தேன்.

பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிகட்டியைக் கழுவ, பம்பின் சத்தத்தைக் கேட்டே அதன் உடம்பு நிலையைச் சொல்ல, குளோரின் தூளை வாளியில் கரைத்துக் காற்றுக்கு முதுகு காட்டி ஊற்ற, எல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிட்டது. நீலமாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பவர்களோடு அப்போதே எனக்குப் பேச்சு நின்றுபோனது. நீலம் தரையில் பதித்த ஓட்டின் நிறம். தண்ணீரில் குளோரின் எவ்வளவு, புளிப்புத் தன்மை எவ்வளவு என்பதைக் கண் பார்த்து அறிய முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

ஆரம்பத்தில் குளோரின் சோதனைக்கு ஒரு சொட்டு மருந்து இருந்தது. விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எனக்குத் தெரியும், தப்பித்தேன். பிறகு அந்த மருந்து கூடாது என்று சொல்லி மாத்திரை கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் குப்பியில் குளத்துத் தண்ணீரை எடுத்து மாத்திரையைப் போட்டால் ரோஸ் நிறம் வரும். பக்கத்தில் ஆறு நிறக் கட்டங்கள் உள்ள ஒரு பெட்டி. எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அளவு. என் தலையில் இடி விழுந்தது. ஆறு கட்டமும் எனக்கு ஒரே சாம்பல்.

மூன்று நாள் மூக்கை நம்பிக் கணக்கு எழுதினேன். நான்காம் நாள் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் தேடுவது போலப் பாவனை செய்துகொண்டு, சலவைப் பகுதியின் பின்படியில் நின்றேன். அங்கே பாக்கியக்கா தலையணை உறைகளை உதறிக்கொண்டிருந்தார். கண்டி மஹய்யாவப் பகுதிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர்.

"என்ன தம்பி, ரோஸ் தண்ணிய வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க?" என்றார்.

அது ரோஸாக மாறிவிட்டது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உள்ளே போய் இரண்டு துணிகளை எடுத்து வந்து நீட்டினார். ஒன்று சமையல்காரர்களின் கழுத்துத் துணி, மற்றது தோட்டக்காரரின் சட்டை. இதில் எது பச்சை என்று கேட்டார். நான் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. துணிகளை மடித்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தலையணை உறையைப் படிச் சுவரில் விரித்தார். குப்பியை அதன் முன்னால் பிடித்து, கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, "மூணாவது கட்டம்" என்றார். "இதையே நாளைக்கும் கொண்டாங்க."

அன்றிலிருந்து பதினொரு வருடம் ஒவ்வொரு காலையும் அந்தப் படிக்குப் போனேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்தால்தான் நிறம் சரியாகத் தெரியும் என்று அவரே கண்டுபிடித்ததுதான் அந்த உறை. மூன்றாவது கட்டம் என்றால் தண்ணீர் சரி என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கட்டம் வந்தால் பாக்கியக்கா குப்பியைத் திருப்பித் தரும்போது, "பிள்ளைங்கள எறங்கச் சொல்லுங்க தம்பி" என்பார். பெரும்பாலான நாட்களில் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள், இரண்டு வயதான வெள்ளைக்காரர்கள் துவாயோடு நிற்பார்கள். ஆனாலும் அப்படித்தான் சொல்வார். எனக்கு ரோஸ் நிறம் என்றால் இன்றைக்கும் அந்தக் குரல்தான்.

இனி நவாஸ் சேர். பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பொறியியலாளர், திகனக்காரர். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசினால்கூடத் தேவலாம், அவர் மௌனம் அதைவிடப் பெரிய தண்டனை. எந்தத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். நிதானமாக முழங்கை வரைக்கும் சட்டையை மடிப்பார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக் கடிகாரத்தைக் கட்டுவார். கடிகாரம் கையில் ஏறிவிட்டது என்றால் விஷயம் முடிந்தது, அதற்கு மேல் வாதம் இல்லை.

டிஜிட்டல் கருவி வாங்குவோம் என்று சொன்னதும் அவர்தான். மூன்று விதமான கருவிகளைத் தருவித்து என் மேசையில் வைத்தார். "ரெண்டு கிழமை மூணையும் வச்சுப் பாருங்க. பழைய பெட்டியில வாற கணக்கையும் பக்கத்துலயே எழுதுங்க. எது நம்ம குளத்துக்குத் தோதுன்னு அப்ப தெரியும்" என்றார்.

விமலாவுக்கு நான் சொன்னதும் அந்த இரண்டு வாரத்தில் படித்ததுதான். முதல் கருவி பேனா போல இருக்கும். நுனியில் ஒரு கண்ணாடிக் குமிழ். தண்ணீரில் தோய்த்தால் புளிப்புத் தன்மையை உடனே சொல்லும். ஆனால் அதைக் கைக்குழந்தை போலப் பார்க்க வேண்டும். குமிழ் காயக்கூடாது, அதற்கென்று உள்ள திரவத்திலேயே ஊறிக்கொண்டிருக்க வேண்டும். அளவு தெரிந்த கரைசலில் அடிக்கடி தோய்த்துத் திருத்த வேண்டும். இத்தனை செய்தும் எங்களிடம் வந்த பேனா குளோரினைப் பற்றி வாயே திறக்காது. இரண்டாவது, மருந்து தோய்த்த அட்டைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து உள்ளே செருகினால் படித்துச் சொல்லும் கருவி. வேகமானது. ஆனால் கண்டிப் பனிக்கு அந்த அட்டைகள் தாங்கவில்லை. டப்பாவை ஒரு முறை திறந்து மூடினாலே ஈரம் குடித்துவிடும், பிறகு அது சொல்வது அதன் இஷ்டம்.

மூன்றாவது ஒளியால் அளக்கும் பெட்டி. நாங்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். குளத்தில் புதுத்தண்ணீர் வந்து விழும் வாய்க்கு அருகே போகாமல், தள்ளி நின்று, முழங்கை ஆழத்தில் குப்பியைக் கவிழ்த்து இறக்கி, அடியில் திருப்பி நிரப்ப வேண்டும். குப்பியின் வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், விரல் ரேகை ஒன்று பட்டாலும் கணக்கு மாறும். மருந்து போடாத தண்ணீரை முதலில் காட்டி, இதுதான் பூச்சியம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு மாத்திரை. அதைக் கையால் தொடாமல் உறையிலிருந்து நேரே குப்பிக்குள் தள்ளி, நசுக்கி, கரைத்து, காற்றுக்குமிழி போகும்வரை பொறுத்து, குப்பியின் கோடு கருவியின் கோட்டோடு பொருந்தும்படி வைத்து, வெயில் புகாமல் மூடியைப் போட வேண்டும். மாத்திரையிலும் இரண்டு வகை உண்டு. பழைய பெட்டிக்கான மாத்திரையைக் கருவிக்குப் போட்டால் தண்ணீர் கலங்கிவிடும். உறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடுகிறவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

முதல் முறை அந்தப் பெட்டியின் திரையில் 1.42 என்று எண் வந்தபோது என் கண் கலங்கிவிட்டது. எண்ணுக்கு நிறம் கிடையாது. அது எனக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இரண்டு கிழமை முடிந்ததும் சேர் என் புத்தகத்தைப் புரட்டினார். பழைய பெட்டியில் கண்ணால் பார்த்த கணக்கும் கருவியின் கணக்கும் நாள் தவறாமல் ஒட்டிப் போயிருந்தன. "ராமலிங்கம், ஒங்க கண்ணு மெஷினுக்குக் கொறஞ்சதில்ல" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அது பாக்கியக்காவின் கண்ணுக்குப் போக வேண்டிய பாராட்டு. நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். அடுத்த நாளிலிருந்து படிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நன்றி சொல்லவில்லை. இனி வர மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருக்கும், தொந்தரவு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் குறையை அறிந்த ஒரே ஆளை இனி நான் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான். எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்கு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, முதல் நாள் குளத்தருகே ஒரு கல்யாண விருந்து நடந்து முடிந்திருந்தது. தரையெல்லாம் கழுவு மருந்து ஊற்றித் தேய்த்திருந்தார்கள், அந்த வாடையில் என் மூக்குக்கு வேலை இல்லை. பத்து மணிக்கு ஒரு பாடசாலைப் பிள்ளைகள் நீச்சல் பழக வருவதாக ஏற்பாடு. இருபது பேருக்கு மேல், எல்லாம் ஏழெட்டு வயது.

குப்பியை எடுத்தேன், துடைத்தேன், பூச்சியம் காட்டினேன், மாத்திரை போட்டேன். திரையில் 0.03 வந்தது. விருந்துக் கூட்டம் இறங்கி ஆடியிருக்கும், இருந்த குளோரின் எல்லாம் செலவாகிவிட்டது என்று நினைத்தேன். தூளைக் கரைத்து ஊற்றி, பம்பை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தேன். 0.02. இன்னும் ஊற்றினேன். மறுபடியும் அதேதான்.

கருவியில் பிழை இல்லை. நான் செய்த முறையிலும் பிழை இல்லை. ஆனால் அன்றைக்குக் குரங்குகள் வந்து கரையில் குந்தின, குனிந்தன, குடிக்காமல் எழுந்து போய்விட்டன. பனி விலகிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்றைக்கும் இல்லாத தெளிவோடு கிடந்தது, அடித்தரை ஓட்டின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அதன் மேல் பூக்கள் மிதந்தன. அவ்வளவு அழகான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்தது.

குளத்துத் தண்ணீர் ஒரு குப்பி, பிரிக்காத மாத்திரை ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு சலவைப் பகுதிக்கு ஓடினேன். வழியெல்லாம் என்ன முகத்தோடு போய் நிற்பது என்றுதான் யோசித்தேன். படிக்கு வந்தேன். சுவரில் அந்த வெள்ளைத் தலையணை உறை விரித்திருந்தது.

நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் அதை அவர் விரித்து வைத்திருக்கிறார். பிற்பாடு உடன் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் தெரியும். பத்து மணி வரைக்கும் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைப்பாராம்.

பாக்கியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையின் முன்னால் நின்றார். நான் மாத்திரையைக் குப்பியில் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"ரோஸ் வந்துச்சு தம்பி. நல்ல கருஞ்செவப்பா வந்துச்சு. வந்த வேகத்துல போயிருச்சு. இப்ப வெறும் பச்சத் தண்ணி." குப்பியைத் திருப்பித் தந்து, "இன்னைக்கு யாரையும் எறக்காதீங்க" என்றார்.

குளோரின் அளவுக்கு மீறிப் போனால் அது மாத்திரையின் நிறத்தையே வெளுத்துவிடும். துணியை வெளுப்பது போலத்தான். நிறம் ஒரு நொடி வந்து மறையும். கருவி நிறம் போன பிறகுதான் பார்க்கிறது, அதனால் ஒன்றுமில்லை என்று சொல்கிறது. கண் உள்ள எவரும் அந்த ஒரு நொடியைப் பார்த்திருப்பார்கள். என் கண் முன்னாலேயே மூன்று முறை வந்து போயிருக்கிறது. நான் பார்க்கவில்லை. வெறும் தண்ணீர் என்று நினைத்து, மேலும் மேலும் அதையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவாஸ் சேர் அன்று விடுமுறையில் திகனயில் இருந்தார். குளத்தை மூட அவர் சொல்ல வேண்டும். தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். கீழே வளைவில் பாடசாலை பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"மெஷின் பூச்சியம் காட்டுது, நீங்க கூடிப் போச்சுங்கிறீங்க. ரோஸ் வந்து மறஞ்சதை ஒங்க கண்ணால பாத்தீங்களா?" என்றார் சேர்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். குளம் மூடப்படும், பிள்ளைகள் தப்புவார்கள், என் வேலையும் தப்பும். உண்மையைச் சொன்னால், படிவத்தில் பொய் எழுதிய ஒருவனின் பேச்சை நம்புவதா, கருவியை நம்புவதா என்று அவர் யோசிக்கலாம். அப்போது என் இரண்டு மகள்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. ஆனால் அந்த வெள்ளை உறையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, பாக்கியக்கா பார்த்ததை நான் பார்த்ததாக இன்னொரு முறை சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல சேர். எனக்கு அந்த நிறம் தெரியாது. பொறந்ததுலருந்தே தெரியாது. ஃபோம்ல பொய் எழுதிட்டேன். இத்தன வருஷமும் லோண்ட்ரி பாக்கியக்காதான் பாத்துச் சொன்னாங்க. இப்பவும் அவங்கதான் பாத்தாங்க."

பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"குளத்தை மூடுங்க. நான் வாறேன்" என்றார் சேர்.

நான் கயிற்றைக் கட்டப் போவதற்குள் ஒரு சின்னப் பெண் கரையில் குந்தி, மிதந்து வந்த பூவை எடுக்கக் கை நீட்டிவிட்டாள். அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். வேறு பூ தருகிறேன் மகள் என்று சொல்லி மரத்தடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குளிக்க முடியாது என்று தெரிந்து எல்லாப் பிள்ளைகளும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். வந்த டீச்சர் என்னை ஏசித் தீர்த்தார். அந்த ஏச்சு எனக்கு இனிப்பாக இருந்தது.

சேர் முக்கால் மணி நேரத்தில் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார், சட்டையை மடித்தார். குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, சுத்தமான வடிநீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்தார். திரையில் 1.6 வந்தது. அதைப் பத்தால் பெருக்க வேண்டும், இருக்க வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்கு. பிள்ளைகளின் கண்ணும் தோலும் எரிந்திருக்கும், இருமி இருமி மூச்சுத் திணறியிருப்பார்கள். பிறகு களஞ்சியத்தைப் பார்த்தோம். புதிதாக வந்திருந்த தூள் பழையதைப் போல இரண்டு மடங்கு வீரியமானது. விருந்து முடிந்ததும் மாலை வேலைக்காரர் பழைய அளவிலேயே தாராளமாகக் கொட்டியிருக்கிறார். அதன் மேல் நான் இரண்டு முறை. வாளியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காதது இரண்டு பேரின் குற்றமும்தான்.

ஒரு சொட்டும் கீழே இறக்கக்கூடாது, கீழே ஏரியில் மீன் இருக்கிறது என்றார் சேர். வெயிலே அதைக் குடிக்கட்டும் என்று, யாரையும் இறக்காமல் குளத்தை அப்படியே விட்டோம். என் விஷயமாக ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தையும் கட்டவில்லை, பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில், வேறு என்ன வேலை எனக்குத் தெரியும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு கை விரல்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை அவர் எனக்கு முன்னால் வந்து என் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அடிமட்டத்தை வைத்து, கடைசியில் ஒரு புதுக் கோடு இழுத்திருந்தார். மேலே மூன்று மொழியிலும் அவர் கையாலேயே எழுதியிருந்தார், "கண்ணால் பார்த்தவர்" என்று.

"மெஷின் சொல்றதை நீங்க எழுதுங்க. மாத்திர போடுறப்ப நெறம் என்ன ஆகுதுன்னு இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்து வைக்கணும். ஒங்களுக்கு மட்டும் இல்ல, யார் இந்த வேலைக்கி வந்தாலும். ஃபோம்ல ஈக்கிற பொய்யை நான் திருத்தி அனுப்பிட்டேன். தெரியாதுன்னு நேத்து சொன்னீங்களே, அந்த ஆளு எனக்கு வேணும்னும் எழுதியிருக்கேன்."

அதைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டினார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போனேன். அந்தக் கட்டத்தின் முதல் கையெழுத்து பாக்கியக்காவுடையது. பேனாவை வாங்கியவர் அதை உடனே எழுதவில்லை. கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

ஆகவே, விமலா, எந்தக் கருவியை வேண்டுமானாலும் வாங்கு. போனுக்கு அனுப்பட்டும், பூச்சியத்தை அதுவே பிடிக்கட்டும். அந்தக் கட்டத்தை மட்டும் எடுக்க விடாதே.

இதை எழுதி முடித்த பிறகு நேற்று மஹய்யாவவுக்குப் போனேன். பாக்கியக்காவுக்குப் போன மாதம் கண்ணில் புரை விழுந்ததற்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வை தெளிந்தது பற்றிச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடியிருந்தது.

"தம்பி, கட்டு அவுத்ததும் எல்லாம் வெள்ள வெளேர்னு இருக்கு. இத்தன காலம் நான் வெள்ளன்னு நெனச்சதெல்லாம் மஞ்சளாத்தான் பாத்திருக்கேன் போல. அது மெல்ல மெல்லத்தான் வருமாம், எப்ப தொடங்குச்சுன்னு சொல்ல ஏலாதாம். அப்ப நான் ஒங்களுக்குச் சொன்ன நெறமெல்லாம் தப்பா இருந்திருந்தா?"

பாவம், ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மெஷினுக்கும் உங்கள் கண்ணுக்கும் கணக்கு ஒட்டிப் போனதைச் சொன்னேன். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டதையும் அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் பார்த்தேன், அதெல்லாம் என்னவோ என்றார்.

வரும் வழியில் தெருவோர ரொபரோசியாவின் கீழே கிடந்த பூ ஒன்றைப் பையில் போட்டு வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அதை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினேன். இதைப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்றேன்.

பாக்கியக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைத் தலையணை உறை இருந்தது. அதை மடியில் விரித்து, பூவை நடுவில் வைத்து, புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். எனக்கு அது எப்போதும் போலச் சாம்பலாகத்தான் தெரிந்தது.

"மூணாவது கட்டம்" என்றார். "பிள்ளைங்கள எறங்கச் சொல்லுங்க தம்பி."